காப்பீட்டின் எல்லைக்கோடுகள்

(திருத்தணியில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தணிகை மலை அடிவாரத்தில் மேடை ஏறுகிறவர்கள் பொதுவாக முருகனைப் பற்றிப் பேசுவார்கள். இல்லையென்றால் இந்த மண்ணில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனைப் பற்றிப் பேசுவார்கள். அதுவும் இல்லையென்றால் ம.பொ.சி.யின் வட எல்லைப் போராட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். எனக்குத் தந்திருக்கும் தலைப்போ மருத்துவக் காப்பீடு! தலைப்பைக் கேட்ட பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்தப் பொறுமைக்கு முதல் நன்றி.

ஆனால் யோசித்துப் பாருங்கள். எல்லை என்றால் என்னவென்று இந்த ஊருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்துக்குப் போன இந்த ஊர், 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஒரு கோடு இந்தப் பக்கம் விழுந்தால் ஒரு வாழ்க்கை, அந்தப் பக்கம் விழுந்தால் வேறு வாழ்க்கை என்பது உங்கள் தாத்தா பாட்டிக்குத் தெரியும். நான் இன்றைக்குப் பேசப்போவதும் கோடுகளைப் பற்றித்தான். ஒரு நாட்டில் யார் காப்பீட்டுக்கு உள்ளே, யார் வெளியே? அந்தக் கோட்டை யார் போட்டார்கள்? எதை அளந்து போட்டார்கள்? வேறு மாதிரிப் போட முடியாதா? இவ்வளவுதான் என் பேச்சு.

முதலில் அடிப்படை. காப்பீடு என்றதும் நம்முடைய ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி என்ன? "கட்டின பணம் திரும்பி வருமா சார்?" என்பதுதான். ஏனென்றால் நமக்கு ஏலச்சீட்டு தெரியும். இருபது பேர் சீட்டுப் போட்டால் இருபது பேரும் ஒருமுறை எடுத்துவிடலாம். காப்பீடும் ஒரு சீட்டுதான். ஆனால் விழுந்தவன் மட்டும் எடுக்கிற சீட்டு. விழாதவன் கட்டிக்கொண்டே இருப்பான். நல்லபடியாக இருக்கிற பத்தொன்பது பேர் கட்டினால்தான், மாரடைப்பு வந்த இருபதாவது ஆளுக்குப் பணம் இருக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. நோயாளிகள் மட்டும் ஓடிவந்து சேர்ந்தால் சீட்டு உடைந்துவிடும். ஆரோக்கியமானவர்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் நடத்துகிறவர் கொழுப்பார், நோயாளி தெருவில் நிற்பார். அப்படியானால் எப்படித்தான் நடத்துவது? எல்லாரும் சேர வேண்டும். இளைஞன், கிழவன், சுகர் உள்ளவன், இல்லாதவன் என எல்லாரும். உலகம் இதைக் கண்டுபிடிக்கவே நூறு வருடம் ஆயிற்று.

1883-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் தொழிலாளர்களுக்கான நோய்க் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். சம்பளத்தில் ஒரு பங்கு, முதலாளியிடமிருந்து ஒரு பங்கு. பிஸ்மார்க் சோஷலிஸ்டுகளைச் சிறையில் போட்ட மனிதர். ஏழைகள் மேல் அன்பு பொங்கி அவர் இதைச் செய்யவில்லை. தொழிலாளி எதிர்முகாமுக்குப் போய்விடக் கூடாது என்ற கணக்கு. கணக்கு எதுவாக இருந்தால் என்ன, திட்டம் நின்றது. இன்றைக்கு ஜெர்மனியில் பத்தில் ஒன்பது பேர் அந்தப் பொதுக் காப்பீட்டில்தான் இருக்கிறார்கள். தனியார் காப்பீடு மிச்சமுள்ள சிறு பகுதிக்கு. பிரிட்டன் வேறு வழியில் போனது. 1948 ஜூலை 5 முதல் வரிப்பணத்திலேயே எல்லாருக்கும் மருத்துவம். நம் பக்கத்தில் இலங்கையும் வரிப்பணத்தில் நடக்கும் இலவச அரசு மருத்துவமனைகளை நம்பியே பெயர் வாங்கியது.

அமெரிக்கா? காசுக்குப் பஞ்சமில்லாத நாடு. அங்கே வேலை கொடுத்தவன் காப்பீடு கொடுப்பான் என்று விட்டுவிட்டார்கள். முதியோருக்கும் ஏழைகளுக்கும் 1965-இல்தான் அரசுத் திட்டங்கள் வந்தன. 2010-இல் இன்னொரு பெரிய சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 2023 கணக்குப்படி நூற்றுக்கு எட்டுப் பேருக்கு எந்தக் காப்பீடும் இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே வேலை மாறும்போது சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இன்ஷூரன்ஸைக் கேட்கிறார்கள் என்றால், காரணம் இதுதான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

இந்தியா சுதந்திரம் பெற்ற மறு வருடமே, 1948-இல், இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் நேரு அதைத் தொடங்கிவைத்தார். நம்மில் பலர் இ.எஸ்.ஐ. என்றால் முகம் சுளிப்போம். வரிசை, சீட்டு, அலைச்சல் எல்லாம் உண்டுதான். ஆனால் அந்தத் திட்டத்தின் உடம்பைப் பாருங்கள். 20,000 ரூபாய் சம்பளம் வாங்குகிற தொழிலாளியிடம் மாதம் பிடிப்பது 150 ரூபாய். முதலாளி போடுவது 650 ரூபாய். அதற்குப் படுக்கைச் சிகிச்சை மட்டுமா? இல்லை. வெளிநோயாளியாகப் போனாலும் மருந்து உண்டு. வேலைக்குப் போக முடியாவிட்டால் வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு உண்டு. குழந்தை பெற்ற பெண்ணுக்கு 26 வாரம் சம்பளம் உண்டு. நோய் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு ஒரு பக்கம், அன்றைய கூலி போவது இன்னொரு பக்கம் என்பதைப் புரிந்துகொண்ட திட்டம் இந்த நாட்டில் அது ஒன்றுதான் என்பது என் தீர்மானமான கருத்து.

ஆனால் அங்கேயும் கோடு இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடமாக இருக்க வேண்டும். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ்ஸில் போகிற நம் பிள்ளைகள் உள்ளே. பஜாரில் ஆறு பேர் வேலை செய்யும் துணிக்கடைப் பையன் வெளியே. தன் வீட்டில் தன் தறியை ஓட்டுகிற பொதட்டூர்பேட்டை நெசவாளி வெளியே. அம்மையார்குப்பத்து நெசவாளியும் வெளியே.

நெசவாளருக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவில்லை. 2005-இல் மத்திய அரசு கைத்தறி நெசவாளர்களுக்கு ஒரு காப்பீடு கொண்டுவந்தது. ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனம் நடத்தியது. குடும்பத்துக்கு வருடம் 15,000 ரூபாய். அதில் 7,500 ரூபாய் வரை வெளிநோயாளிச் செலவுக்கு. தொகை சிறியதுதான். ஆனால் அதைப் போட்டவருக்கு நெசவாளியின் உடம்பு தெரிந்திருக்கிறது. கண், முதுகு, மூட்டு, இருமல் இவை எதற்கும் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதில்லை; ஆனால் மாதாமாதம் காசு போகும். பிறகு அந்தத் திட்டம் வேறொரு திட்டத்தில் கரைந்துபோயிற்று.  நம் ஊர்க் கதை நமக்கே நினைவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது எல்லார் வீட்டு பீரோவிலும் இருக்கிற அட்டைக்கு வருகிறேன். பக்கத்து ஆந்திரத்தில் 2007-இல் முதலமைச்சர் ராஜசேகர ரெட்டி ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். 2009 ஜூலையில் இங்கே கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. குடும்பத்துக்கு 1 லட்ச ரூபாய். ஆட்சி மாறியது. 2012 ஜனவரி 11 அன்று ஜெயலலிதா முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் அதோடு இணைந்தது. உச்சவரம்பு வருடம் 5 லட்சம் ஆயிற்று. மறுபடி ஆட்சி மாறியது. 2022 ஜனவரியில் திட்டம் புதுப்பிக்கப்பட்டது. பெயர் மாறும், படம் மாறும், அட்டை மட்டும் நிற்கும். தமிழ்நாட்டு அரசியலில் இது அபூர்வம். இரண்டு தரப்புக்கும் இதில் பங்கு உண்டு என்று மேடையில் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

அந்த அட்டையால் என்ன நடந்திருக்கிறது? காது கேளாமல் பிறந்த குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தியிருக்கிறார்கள். இதய அறுவைச் சிகிச்சை நடக்கிறது. டயாலிசிஸ் நடக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியில் மட்டுமல்ல, அரசு ஆஸ்பத்திரியில் செய்தாலும் திட்டத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் பணம் போகிறது. இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பு கேட்காமலே இதில் இடம் உண்டு. நம் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கும் சொந்தங்களை நினைத்து இதைச் சொல்கிறேன்.

இந்த அட்டைக்காக அரசு காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டுகிற பிரீமியம் எவ்வளவு தெரியுமா? 2022 ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்கு வருடம் 849 ரூபாய். மறுபடி சொல்கிறேன், ஒரு ஆளுக்கு அல்ல. ஒரு மாதத்துக்கு அல்ல. ஒரு குடும்பத்துக்கு, ஒரு வருடத்துக்கு, 849 ரூபாய். நீங்களே ஏஜென்டிடம் போய் 5 லட்சத்துக்குக் குடும்ப பாலிசி கேட்டுப் பாருங்கள். அதைப் போலப் பல மடங்கு சொல்வார்.

ஏன் இந்த வித்தியாசம்? ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒரே சீட்டில் இருக்கின்றன. அதில் ஆரோக்கியமானவனும் இருக்கிறான், நோயாளியும் இருக்கிறான், யாரையும் பொறுக்கவில்லை. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று விலை முன்பே கட்டப்பட்டிருக்கிறது. ஏஜென்டுக்குக் கமிஷன் இல்லை, டிவியில் நடிகர் வந்து விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. மெச்சிக்கொள்வோம். கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டிய விலை போதவில்லை என்று சில தனியார் ஆஸ்பத்திரிகள் முணுமுணுக்கின்றன. கூடுதலாகக் கொடு என்று நோயாளியிடம் கேட்கிற பழக்கமும் இருக்கிறது. அப்படிக் கேட்டால் கொடுக்காதீர்கள். அது திட்ட விதிக்கு விரோதம். 1800 425 3993 என்ற எண்ணைக் கூப்பிட்டுப் புகார் சொல்லுங்கள்.

சரி, இந்த அட்டைக்குக் கோடு எங்கே? குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 10,000. கணவனும் மனைவியும் சேர்ந்து, வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும், நாளைக்கு 333 ரூபாய். மேஸ்திரிக்குச் சித்தாள் வேலை பார்க்கிற பெண்ணின் கூலியே அதைத் தாண்டிவிடுகிறது. அப்புறம் எப்படி இத்தனை பேரிடம் அட்டை இருக்கிறது என்கிறீர்களா? சான்றிதழ் சொல்வது வேறு, அடுப்பு சொல்வது வேறு. வி.ஏ.ஓ. நல்லவராக இருந்தால் எழுதித் தருகிறார். ஒரு ஏழை பொய் சொன்னால்தான் உயிர் பிழைப்பான் என்று ஒரு விதி இருந்தால், குற்றம் ஏழையிடம் இருக்கிறதா, விதியில் இருக்கிறதா?

இப்போது உங்கள் ஊர்க் கோட்டுக்கு வருகிறேன். நகரி எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் வந்துவிடும். புத்தூரும் அப்படித்தான். அந்தப் பக்கத்தில், ஆந்திரத்துத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 5 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு இடம் கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் உச்சவரம்பை 25 லட்சம் ஆக்கினார்கள். பிறகு ஆட்சி மாறியது; ஆரோக்கியஸ்ரீ என்ற பெயர் என்.டி.ஆர். வைத்திய சேவை ஆயிற்று. 2025 செப்டம்பரில் எல்லாக் குடும்பங்களுக்கும் விரிக்க அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்த மாநிலத்துக் கஜானா அதைத் தாங்குமா, ஆஸ்பத்திரிகளுக்குப் பாக்கி வைக்காமல் கொடுப்பார்களா என்பதெல்லாம் நியாயமான கேள்விகள். பாக்கிக்காக ஆஸ்பத்திரிகள் சேவையை நிறுத்தியதும் அங்கே நடந்திருக்கிறது. ஆனாலும் எண்ணிப் பாருங்கள். அக்கா நகரியில் வாழ்க்கைப்பட்டாள், தங்கை திருத்தணியில் வாழ்க்கைப்பட்டாள். இரண்டு வீட்டிலும் வருமானம் மாதம் 25,000. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி இதயக் கோளாறு வந்தால், அக்காவுக்குத் திட்டம் உண்டு, தங்கைக்கு இல்லை. 1960-இல் போட்ட கோடு இன்றைக்கு ஆஸ்பத்திரி கவுண்டரில் வந்து நிற்கிறது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. திருத்தணிக்காரருக்குச் சென்னையைவிடத் திருப்பதி பக்கம். மத்தியத் திட்டத்தின் பட்டியலில் இருக்கும் குடும்பத்துக்கு அட்டை நாடு முழுவதும் செல்லும் என்பது விதி. மாநிலம் தன் செலவில் சேர்த்துக்கொண்ட குடும்பத்துக்கு அந்த விதி பொருந்தாது. ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடு. கையில் இருப்பது ஒரே மாதிரி அட்டை. ஒருவருக்குத் திருப்பதியில் செல்லும், இன்னொருவருக்குச் செல்லாது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு தெரிந்து என்ன பயன்?

கோடே இல்லாமல் ஒரு திட்டம் இருக்கிறதா? இருக்கிறது! 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 திட்டம். தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டால் முதல் 48 மணி நேரத்துக்குச் சிகிச்சை இலவசம். நீ எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள். எந்த மாநிலம் என்று கேட்க மாட்டார்கள். அட்டை இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து நடந்து வருகிற ஆந்திர பக்தர் திருப்பதி ரோட்டில் லாரி மோதி விழுந்தால், அவருக்கும் உண்டு. மனிதன் விழுந்தான், தூக்கு. அவ்வளவுதான் விதி. இந்த மாநிலம் போட்ட சட்டதிட்டங்களில் எனக்குப் பிடித்தமான ஒன்று அது.

ஆனால் நாற்பத்தொன்பதாவது மணி என்று ஒன்று வருகிறதே! அப்போது மறுபடி கேள்விகள் தொடங்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டா? உண்டென்றால் தொடரலாம். இல்லையா? அரசு ஆஸ்பத்திரிக்கு மாறு, அல்லது சொந்தக் காசைக் கட்டு, அல்லது தனியார் பாலிசியைக் காட்டு. 48 மணி நேரம் மனிதனாக இருந்தவர், அதற்குப் பிறகு ஒரு வகைப்பாடாக மாறிவிடுகிறார்.

அந்தத் தனியார் பாலிசியைப் பற்றிக் கொஞ்சம். 1986-இல் அரசு பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிக்ளைம் என்று ஒன்றைக் கொண்டுவந்தன. 1999 சட்டத்துக்குப் பிறகு தனியார் நிறுவனங்கள் வந்தன. இன்றைக்கு நடுத்தர வர்க்கத்து வீடுகளில் பேச்சே அதுதான். வாங்காதே என்று நான் சொல்லமாட்டேன். வசதி இருந்தால் வாங்குங்கள், உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்குங்கள். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே சுகர், பிரஷர் இருந்தால் மறைக்காதீர்கள். சொல்லி வாங்கினால் அதிகபட்சம் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். முன்பு நான்கு வருடமாக இருந்ததை 2024-இல் குறைத்தார்கள். மறைத்து வாங்கினால் கிளெய்ம் போகும்போது அதையே காரணம் காட்டுவார்கள். அடுத்து, ரூம் வாடகை. இதைப் பலரும் கவனிப்பதில்லை. பாலிசியில் ஒரு நாள் ரூம் வாடகை 4,000 ரூபாய் வரை என்று இருக்கும். ஏசி ரூம் நன்றாக இருக்கிறதே என்று 8,000 ரூபாய் ரூமில் படுத்துவிடுவோம். வித்தியாசம் நாளைக்கு 4,000 ரூபாய்தானே, கட்டிவிடலாம் என்று நினைப்போம். அங்கேதான் பொறி. ரூம் வாடகை பாதிதான் அனுமதி என்றால், டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் செலவு ஆகியவற்றிலும் பாதியை வெட்டுவார்கள். இப்படிப்பட்ட செலவு 2 லட்ச ரூபாய் என்றால், 1 லட்சம் நம் தலையில் விழும். நோயாளியோடு ஓடுகிற மகனுக்கு இந்தக் கணக்கு டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான் தெரியவரும்.

இந்தத் துறையின் கணக்கையும் பாருங்கள். 2023-24-இல் மருத்துவக் காப்பீட்டை மட்டும் விற்கும் தனி நிறுவனங்கள், 100 ரூபாய் பிரீமியத்தில் ஏறத்தாழ 65 ரூபாயைத்தான் கிளெய்மாகக் கொடுத்தன. அரசு நிறுவனங்கள் 100 ரூபாய் வாங்கி, 100-க்கு மேலேயே கொடுத்தன. அரசு நிறுவனம் நஷ்டத்தில் ஓடுகிறது என்று ஏளனம் செய்கிறவர்கள் அந்த நஷ்டம் யாருடைய ஆஸ்பத்திரி பில்லுக்குப் போனது என்றும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டார்கள். நல்லது. காய்ச்சலுக்கு வரி போடாமல் காய்ச்சலுக்குப் பயப்படுகிறவனுக்கு எட்டு வருடம் வரி போட்டோம்!

கிளெய்மை மறுத்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லையென்றாலோ, சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. 50 லட்ச ரூபாய் வரை அவர் விசாரிக்கலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை.

இப்போது ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இந்த ஊரில் அப்படி வீடுகள் நிறைய உண்டு. அப்பா நெசவாளி, பழைய அட்டை இருக்கிறது. மூத்த மகன் அரசுப் பள்ளி ஆசிரியர். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக் காப்பீடு தரும் அரசு ஊழியர் திட்டத்தில் இருக்கிறார். இரண்டாவது மகன் ஒரகடத்தில், இ.எஸ்.ஐ. மூன்றாவது மகன் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். வாடகை, கரண்ட், கடன் தவணை போக மாதம் 18,000 நிற்கும். ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு, அப்பாவிடமிருந்து வந்த ஒரே சுகர். மூன்றாமவனுக்கு என்ன இருக்கிறது? அட்டை கேட்டால் பணக்காரன் என்கிறார்கள். இ.எஸ்.ஐ. கேட்டால் உனக்கு முதலாளி யார் என்கிறார்கள், அவனே முதலாளி! தனியார் பாலிசி கேட்டால் சுகருக்கு மூன்று வருடம் காத்திரு என்கிறார்கள்.

இந்த மூன்றாவது மகன் ஒருவனா? நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். இந்தியாவில் ஏறத்தாழ பாதிப் பேர் அரசுத் திட்டங்களுக்குள் வருகிறார்கள். ஐந்தில் ஒருவர் இ.எஸ்.ஐ., அரசு ஊழியர் திட்டம், தனியார் பாலிசி இவற்றில் இருக்கிறார். மீதி 30 விழுக்காடு, ஏறத்தாழ 40 கோடிப் பேர், எதிலும் இல்லை. அமெரிக்காவின் மக்கள்தொகையைவிட அதிகம். இவர்கள் பரம ஏழைகள் அல்ல; பணக்காரர்களும் அல்ல. ஆட்டோ ஓட்டுகிறவர், மாவு மில் வைத்திருக்கிறவர், பூக்கடைக்காரர், டியூஷன் எடுக்கிற பெண், மலையடிவாரத்தில் தேங்காய் பழத் தட்டு விற்கிறவர். ஓட்டு வரிசையில் முன்னால் நிற்பார்கள், திட்டப் பட்டியலில் காணமாட்டார்கள். உண்மையில் இந்த 30 விழுக்காடுகூடக் குறைவான கணக்கு என்று அந்த அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. பட்டியலில் பெயர் இருப்பவர் எல்லாரும் அட்டை வாங்கிவிடவில்லை.

அட்டை இருந்தாலும் மாத்திரைக்கு அது உதவாது. படுத்தால்தான் பணம். மாதாமாதம் மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கிற காசு சத்தமில்லாமல் போகிறது. இந்தியாவில் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் மக்கள் கைக்காசாகக் கொடுத்தது 2013-14-இல் 64 விழுக்காடு. 2021-22-இல் 39 விழுக்காடு என்று அரசுக் கணக்கு சொல்கிறது. குறைந்தது உண்மையானால் மகிழ்ச்சி, 39-உம் அதிகம்தான். இந்த இடத்தில் தமிழ்நாட்டைக் காப்பாற்றுவது எந்தக் காப்பீடும் இல்லை. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. காப்பீடு வந்துவிட்டது, இனி அரசு ஆஸ்பத்திரி எதற்கு என்று யாராவது பேசினால் நம்பாதீர்கள். ஆஸ்பத்திரி இல்லாத ஊரில் அட்டை வெறும் பிளாஸ்டிக்.

அப்படியானால் மூன்றாவது மகனுக்கு வழி என்ன? வழி இருக்கிறது. அதைத் தாய்லாந்து காட்டியது. அங்கேயும் நம்மைப் போலவே அரசு ஊழியருக்கு ஒரு திட்டம், கம்பெனித் தொழிலாளிக்கு ஒரு திட்டம், ஏழைக்கு ஒரு அட்டை என்று துண்டு துண்டாக இருந்தது. 2002-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஏழைதானா என்று நிரூபி என்று கேட்பதை நிறுத்தினார்கள். அரசு ஊழியர் திட்டத்தில் இல்லையா? தொழிலாளர் திட்டத்தில் இல்லையா? அப்படியானால் நீ இந்த மூன்றாவது திட்டத்தில் தானாகவே இருக்கிறாய். ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனால் 30 பாட் கட்டணம், அவ்வளவுதான். வருமானச் சான்று இல்லை, வி.ஏ.ஓ. இல்லை, கோட்டுக்கு மேலா கீழா என்ற கேள்வி இல்லை. மிச்சமிருப்பவர் எல்லாரும் உள்ளே.

தாய்லாந்து தூரம் என்கிறீர்களா? ராஜஸ்தானைப் பாருங்கள். 2021 மே மாதம் தொடங்கிய திட்டத்தில் ஏழைகளுக்கு அரசே பிரீமியம் கட்டியது. மற்றக் குடும்பங்கள் வருடம் 850 ரூபாய் கட்டி அதே திட்டத்தில் சேரலாம் என்று கதவைத் திறந்தார்கள். 850! நம் அரசு காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டுகிற 849-க்குப் பக்கத்தில்! நம் மூன்றாவது மகனிடம் 850 ரூபாய் கட்டுகிறாயா என்று கேட்டுப் பாருங்கள். ஆயிரமே கட்டுகிறேன் என்பான், இரண்டாயிரமும் கட்டுவான். அவனுக்குத் தேவை இலவசம் அல்ல, கதவு.

இதற்கு ஒரு ஆட்சேபம் வரும், அது நியாயமானதுதான். விருப்பப்பட்டவர் சேரலாம் என்றால் நோய் வந்தவர்கள் மட்டும் ஓடிவந்து சேர்வார்கள், சீட்டு உடையும். ஆகவே விருப்பமாக விடக் கூடாது என்பேன். ரேஷன் கார்டு இருக்கிற ஒவ்வொரு குடும்பமும் தானாகவே உள்ளே என்று வைக்க வேண்டும். வேறு காப்பீடு இருப்பவர் காட்டிவிட்டு வெளியே போகட்டும். வசதியுள்ளவரிடம் பிரீமியம் வாங்கிக்கொள்ளட்டும். இன்றைக்கு உள்ளே வர நிரூபிக்கச் சொல்கிறோம். நாளைக்கு வெளியே போக நிரூபிக்கச் சொல்வோம். செலவு கூடும், மறுக்கவில்லை. ஆனால் மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை ஆஸ்பத்திரிக்காக அடகுக் கடைக்குப் போவதும் செலவுதான். அது பட்ஜெட்டில் காட்டப்படாத செலவு.

பெரியோர்களே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து அட்டையை எடுத்துப் பாருங்கள். கல்யாணமாகி வந்த மருமகள் பெயர், பிறந்த பேரன் பெயர் ரேஷன் கார்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் இல்லாவிட்டால் காப்பீட்டிலும் இல்லை. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். நோய் வந்த பிறகு போகாதீர்கள், இந்த வாரமே போங்கள்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருகிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி, மாலையை வாங்கிக்கொள்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மாதம் பத்தாயிரத்து ஒரு ரூபாய் சம்பாதிக்கிறவனுக்கு நெஞ்சுவலி வந்தால், ஐயா, அவன் எந்தத் திட்டத்தில் இருக்கிறான்?" பதில் வரும்வரை அவரை நகரவிடாதீர்கள்.